பன்னிரண்டு பொறுப்பாளர்கள், ஒரே ஓர் உறுப்பினர்

"உறுப்பினர்கள் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

எங்கள் தலைவர் ராஜாமணி இப்படிக் கேட்டதும் பதினோரு தலைகள் ஒரே பக்கமாகத் திரும்பும். அந்தப் பக்கம், ஜன்னலோரக் கடைசி பெஞ்சில், முத்திருளன் உட்கார்ந்திருப்பான். அவன் மெதுவாக எழுந்து, "இல்லைங்க தலைவரே" என்பான். "உறுப்பினர்கள் ஏகமனதாக ஆதரித்தனர்" என்று நான் குறிப்பேட்டில் எழுதுவேன்.

ஏகமனதாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? எங்கள் மன்றத்தில் மொத்தம் பதின்மூன்று பேர். அதில் பன்னிரண்டு பேர் பொறுப்பாளர்கள். உறுப்பினர் என்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமைதோறும் மூன்றாவது பீரியடில் இந்தக் கூத்து நடக்கும். தகரக் கூரை போட்ட வகுப்பு. பக்கத்து ஜின்னிங் பாக்டரியிலிருந்து பஞ்சுத் தூசி பறந்து வந்து சட்டையிலும் பேட்ஜிலும் ஒட்டும். வியர்வையில் நனைந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டு நாங்கள் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் இந்தப் பத்தியில் வாடகைச் சைக்கிளைப் பற்றி நான் எழுதியதற்குச் சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "யாரையும் திட்டாமல் ஒரு வாரமாவது உங்களால் எழுத முடியாதா?" என்று கேட்கிறார். ஐயா, இந்த வாரமும் முடியாது. ஒரே ஒரு ஆறுதல், இந்த வாரம் திட்டு வாங்கப்போகும் முதல் ஆள் நான்தான்.

சாரின் கைப்புத்தகம்

எழுபதுகளின் முதல் பாதி. அருப்புக்கோட்டையில் நான் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வணிகவியல் பேராசிரியர் ஏதோ பயிற்சிக்காகச் சென்னைக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார். போகும்போது நன்றாகத்தான் போனார். வரும்போது கையில் ஒரு நீல அட்டைப் புத்தகத்தோடு வந்தார்.

வெளிநாட்டில் மாணவர்கள் சேர்ந்து வியாபாரத் தலைமை மன்றம் நடத்துகிறார்களாம். படிக்கும்போதே கூட்டம் நடத்தவும், பேசவும், விற்கவும், நாலு பேரை வைத்து வேலை வாங்கவும் கற்றுக்கொள்கிறார்களாம். அதற்கான விதிகள் எல்லாம் அந்த நீல அட்டைக்குள் இருந்தன. ஒரே மாதத்தில் எங்களுக்கும் ஒரு மன்றம் பிறந்துவிட்டது. பெயர், வணிகவியல் மாணவர் தலைமை மன்றம்.

புத்தகம் என்னவோ நல்ல புத்தகம்தான். அதில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் இருந்தார்கள். கூட்டம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க மரபுக் காப்பாளர் என்று ஒருவர். மன்றம் செய்ததையெல்லாம் எழுதி வைக்க வரலாற்றாளர் என்று ஒருவர். ஆக ஆறு பேர். மற்றவர்கள் உறுப்பினர்கள்.

கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் வலது கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும். "தலைமைக்குத் தகுதியாக என்னை ஆக்கிக்கொள்வேன். சொல்லிலும் விற்பனையிலும் நேர்மையாக இருப்பேன். என்னோடு உழைப்பவரை மதிப்பேன்." சார் தமிழில் எழுதிக் கொடுத்தது. பதின்மூன்று தொண்டைகள் சேர்ந்து சொல்லும்போது பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும்.

எல்லாம் சரி. ஆறு எப்படிப் பன்னிரண்டு ஆனது? அதைச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் ஊர்க் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாவி கொடுப்பவர்

நான் ஆறாம் வகுப்பு படித்த சமயம். எங்கள் நெசவாளர் தெரு மண்டபத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டினார்கள். அதற்கு நோட்டீஸ் அடித்தார்கள். தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், கடிகாரத்தைத் திறந்து வைப்பவர், ஆணி அடிப்பவர், முதல் சாவி கொடுப்பவர் என்று பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் ஊரில் நோட்டீஸில் பெயர் வராதவரை அந்தக் காரியத்துக்கு அழைக்கவில்லை என்று அர்த்தம். பெயர் வராவிட்டால் அவர் மட்டுமல்ல, அவர் வீட்டு நாய்கூட மண்டபத்துப் பக்கம் வராது.

வாராவாரம் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் அது. ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. சாவி கொடுப்பவர் என்று பெயர் போட்ட பெரியவர் மகள் பிரசவத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். அவர் இருக்க இன்னொருத்தர் எப்படிச் சாவி கொடுப்பது? யாரும் தொடவில்லை. இரண்டு மாதம் எங்கள் தெருவுக்கு மணி நாலே கால்தான்.

இந்த ஊரில்தான் சார் மன்றம் தொடங்கினார். விஷயம் வெளியே தெரிந்த மறுநாளே வடக்குத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "சார், தலைவரு பஞ்சுக் கடைக்காரர் மகன்னு கேள்விப்பட்டோம். சந்தோசம். எங்க தெருப் பையனுக்கும் ஒரு பொறுப்பு போட்டுக் குடுங்க." அதற்கடுத்த நாள் தெற்குத் தெரு. அதற்கடுத்த நாள் பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸேறி ஒருத்தர் வந்துவிட்டார். "டவுனுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தலைமையா? எங்க ஊர்ப் பிள்ளைக கூட்டிப் பெருக்கவா வருதுக?"

சார் வெளியூர்க்காரர். பயந்துவிட்டார். துணைத் தலைவர் மூன்று ஆனது. இரண்டு இணைச் செயலாளர்கள் முளைத்தார்கள். வரவேற்பாளர் என்று இரண்டு பேர். யாரை வரவேற்க என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் செயலாளர் ஆனதற்குக் காரணம் என் கையெழுத்து. வேறு தகுதி ஒன்றும் இல்லை.

முத்திருளன் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருபவன். கரிசல் காட்டில் இரண்டு மைல் நடந்து வந்துதான் பஸ் ஏற வேண்டும். அப்பா, அம்மா காட்டுக் கூலி. அண்ணனுக்கு விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை. பொறுப்புகள் பிரித்த அன்று வழக்கமான பஸ் வரவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது இரண்டாம் பீரியட் முடிந்துவிட்டது, பன்னிரண்டு பொறுப்பும் முடிந்துவிட்டது. சார், "நல்லதாப் போச்சு, மன்றத்துக்கு உறுப்பினர்னு ஒருத்தராவது வேணுமில்ல" என்று சிரித்தார்.

பஸ் மேல் பழி போடுவது வசதியாக இருக்கிறது. அன்று பஸ் வந்திருந்தாலும் அவனுக்கு ஒன்றும் கொடுத்திருக்க மாட்டோம். அவன் தெருவிலிருந்து சாரைப் பார்க்க யாரும் வரவில்லை. வந்திருந்தால் அவர்களை உட்காரச் சொல்லியிருப்போமா என்பதே சந்தேகம். இதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு முழம் கூடுதல்

தீபாவளி கழிந்ததும் விற்பனை வாரம் நடத்த வேண்டும் என்று நீலப் புத்தகம் சொன்னது. எங்கள் தெருவில் நெய்யும் துண்டுகளை விற்பது என்று தீர்மானித்தோம். கல்லூரி வாசலில் பந்தல் போட்டு, மேஜை போட்டு, பின்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டோம். எல்லோரும் பேட்ஜ் குத்திக்கொண்டு உட்கார்ந்தோம். வாங்க வந்தவர்கள் எங்கள் கூட்டத்தைப் பார்த்து ஏதோ விசாரணை நடக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள்.

முதல் நாள் இரண்டு துண்டு போனது. இரண்டையும் வாங்கியது சார்.

இரண்டாம் நாள் முத்திருளன் ஒரு கட்டுத் துண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மரபுக் காப்பாளன் மறித்தான். "தீர்மானம் இல்லாம சரக்கு வெளிய போகக் கூடாதுலே."

"நான் உறுப்பினர்தானலே. எனக்கு விதி ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். உண்மைதான், உறுப்பினருக்கு என்று விதி எதுவும் இல்லை.

அவன் போனது பஞ்சுக் குடோனுக்கு. அங்கே பொதி தூக்குகிற ஆட்களிடம் துண்டைக் கொடுத்து, கட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். அன்று மாலை ஒரு துண்டுகூட விற்காமல் திரும்பி வந்தான். ஆனால் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

என் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் கன்னடம்தான் பேசுவோம். வெளியாள் வந்தால் அப்பாவின் தமிழ் கொஞ்சம் முறுக்கேறிவிடும். "என்னப்பா, துண்டுல குத்தமா?" என்றார்.

"குத்தம் இல்லைங்கய்யா. நீளம் பத்தல. லோடு ஏத்துறவுகளுக்குத் துண்டு தோளுக்கு இல்ல, தலைக்கு. சும்மாடு கட்டுறாக. ரெண்டு சுத்துல முடிஞ்சு போகுது, பொதி வழுக்குது. ஒரு முழம் கூட இருந்தா மூணு சுத்து வரும். வெள்ளையும் வேண்டாமாம். அழுக்குத் தெரியாத காவி நிறம் கேக்குறாக."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "ஒரு முழம் கூட்டுனா ஒரு பாவு நூல்ல எத்தனை துண்டு குறையும் தெரியுமா? நெய்யறவனுக்குச் சொல்லித் தர வந்துட்டியா?"

அவன் என்னைக் கூப்பிட்டு என் தலையில் எங்கள் வீட்டுத் துண்டைச் சும்மாடாகச் சுற்றி வைத்தான். மூலையில் இருந்த நூல் சிப்பத்தைத் தூக்கி மேலே வைத்து, "நடலே" என்றான். நாலு அடி வைப்பதற்குள் சும்மாடு அவிழ்ந்து, சிப்பம் என் காதை உரசிக்கொண்டு அப்பாவின் தறிக்குழி ஓரத்தில் விழுந்தது. அக்கா சிரித்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், சிப்பத்தைப் பார்த்தார். பிறகு தறியிலிருந்து எழுந்து வந்து, தன் தலையிலேயே துண்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

பத்து நாளில் காவித் துண்டு குடோனுக்குப் போனது. விருதுநகர் குடோன்களிலிருந்தும் கேட்டு ஆள் வந்தது. எங்கள் தெருவில் ஆறு தறியில் அந்த ஒரே துண்டுதான் ஓடியது. "அந்தப் பையன் வந்தானா?" என்று அப்பா தினமும் கேட்க ஆரம்பித்தார். பெற்ற பிள்ளை செயலாளராக வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவில்லை.

மன்றத்தில் வேறு கவலை. தீர்மானம் போடாமல் நடந்த காரியம் மன்றத்தின் காரியம் ஆகாது என்று மரபுக் காப்பாளன் எழுந்து நின்றான். அதற்கென்ன, முன் தேதியிட்டு ஒரு தீர்மானம் எழுதினோம். தீர்மானம் எண் ஏழு: "சுமை தூக்குவோர் நலன் கருதி நீளமான துண்டுகளை நெய்விப்பதென மன்றம் முடிவு செய்கிறது." முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் மூன்றாம் துணைத் தலைவர். எழுதியது என் அழகான கையெழுத்து. உறுப்பினர்கள் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ராஜாமணி கேட்டான்.

முத்திருளன் எழுந்தான். "இல்லைங்க தலைவரே."

யார் இறங்குவது?

மார்கழியில் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு கல்லூரியில் மாணவர் வணிக மன்றங்கள் எல்லாம் கூடுகின்றன. ஒவ்வொரு மன்றமும் தான் செய்த விற்பனையைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பெரிய மில்லின் விற்பனை அதிகாரி வந்து கேட்பார். பிடித்த மாணவன் ஒருவனுக்குப் படிப்பு முடிந்ததும் மில்லில் விற்பனைப் பயிற்சி வேலை.

வகுப்பில் எல்லோருக்கும் வேலை வேண்டும்தான். ஆனால் ராஜாமணிக்கு அப்பாவின் பஞ்சுக் கடை இருந்தது, எனக்குத் தறி இருந்தது. முத்திருளனுக்கு அண்ணன் வேலை செய்யும் கரிமூட்டம்தான் இருந்தது. சித்திரைக்குப் பிறகு ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை அவன் என் கையிலிருந்து வாங்கி மூன்று முறை படித்தான்.

"நான் போறேன்லே. மத்தவங்க யாரும் கோவிச்சுக்கிடாதீக. துண்டப் பத்தி என்ன கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றான்.

யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் கடிதத்தோடு வந்த படிவத்தில் "வகிக்கும் பொறுப்பு" என்று ஒரு கட்டம் இருந்தது. பொறுப்பாளர்கள் இரண்டு பேர் மட்டுமே வரலாம்.

"அப்ப இவனுக்கும் ஒரு பொறுப்பு போட்டுருவோம்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். விற்பனைப் பொறுப்பாளர் என்று புதுப் பதவிக்குப் பெயர்கூட வைத்துவிட்டோம். அப்போதுதான் மரபுக் காப்பாளன் நீல அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "உறுப்பினர் இல்லாத மன்றம் மன்றம் ஆகாது. ஒரு உறுப்பினராவது இருக்கணும்."

சார் பக்கத்தைப் பார்த்தார். "ஆமாப்பா, அப்படித்தான் இருக்கு. இவன் ஏறணும்னா உங்கள்ல ஒருத்தர் இறங்கணும். யார் இறங்குறது?"

பன்னிரண்டு பேரும் மேஜையைப் பார்த்தோம். அந்த மேஜையை அவ்வளவு கவனமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வரவேற்பாளர்கள்கூட அசையவில்லை. சார் ஒரு உத்தரவு போட்டிருந்தால் முடிந்திருக்கும். அவருக்கு வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஞாபகம் வந்திருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

நான் இறங்கியிருக்கலாம். இறங்குவதாகத்தான் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அக்காவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே, "செயலாளர், வணிகவியல் மாணவர் தலைமை மன்றம்."

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் இது வழக்கம். பெயருக்குக் கீழே ஏதாவது இருந்தே ஆக வேண்டும். அப்பாவுக்குத் தன் பெயருக்குக் கீழே போட ஒன்றும் இல்லை. அதனால் என்னுடையதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவருக்கு முத்திருளன் மேல் பிரியம் உண்டு. ஆனாலும், "ஐந்நூறு பத்திரிகை அடிச்சாச்சுடா. மாப்பிள்ளை வீட்டுக்கும் போயாச்சு. கல்யாணத்துக்கு வந்தவங்க, இது பொய்யான்னு கேட்டா நான் என்ன சொல்ல? தை முடியட்டும், அப்புறம் நீ உறுப்பினரா இரு, என்னவோ இரு" என்றார்.

இதை இன்று எழுதும்போது எனக்கே எரிச்சல் வருகிறது. ஒரு பத்திரிகையின் மூலையில் இருக்கும் இரண்டு வரிக்காக ஒருத்தன் பிழைப்பை நிறுத்தி வைக்கிற புத்தி வேறு எந்த ஊரில் இருக்கும்? ஆனால் அப்பாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் நிஜம்.

மறுநாள் முத்திருளனிடம் போய்ச் சொன்னேன். "சரி விடுலே. நீயும் ராஜாமணியும் போங்க. அந்த ஆபீசர்ட்ட என் பேரைச் சொல்லி, இன்ன ஆளு, இன்ன ஊருன்னு மட்டும் சொல்லிரு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"சொல்றேன்லே. இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றேன்.

மதுரையில்

பெரிய மண்டபம், மின்விசிறி எல்லாம் இருந்தது. ராஜாமணி இருபது நிமிடம் பேசினான். அதில் பதினைந்து நிமிடம் மன்றத்தின் அமைப்பைப் பற்றி. எத்தனை துணைத் தலைவர்கள், எப்படித் தீர்மானம் போடுகிறோம், உறுதிமொழியில் என்ன வருகிறது என்று. முன்வரிசையில் இருந்த மில் அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டார். நான் காவித் துண்டை எடுத்து விரித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்தார். துண்டைக் கையில் வாங்கி, முழம் போட்டுப் பார்த்தார். "இதை நீளமா நெய்யச் சொன்ன மூளை யாருடையது?"

"மன்றம் கூடித் தீர்மானிச்சோம் சார்" என்றான் ராஜாமணி.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க செயலாளர்தானே? சொல்லுங்க தம்பி, யாராவது ஒருத்தருக்குத்தானே முதல்ல தோணியிருக்கும்?"

முத்திருளன் என்ற பெயர் என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அவரை ஏன் கூட்டி வரவில்லை என்பதுதான். அதற்கு நான் என்ன சொல்வேன்? அதைவிட இன்னொன்று. அவ்வளவு பெரிய மனிதர் என்னைத் "தம்பி" என்று சொல்லி, துண்டை என் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடம் அந்த மூளை என்னுடையதாக இருக்கக் கூடாதா என்று ஆசை வந்துவிட்டது.

"எங்க வீட்டுத் தறியிலதான் சார் முதல்ல நெய்ஞ்சோம்" என்றேன்.

அது பொய் இல்லை. நீங்களே பாருங்கள், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு சின்ன நோட்டில் என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டிலேயே முத்திருளன் நின்றிருந்தான். "என் பேரைச் சொன்னியாலே?"

"சொன்னேன்" என்றேன். இது முழுப் பொய்.

திங்கட்கிழமைக் கேள்வி

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும், உறுதிமொழி சொல்லி முடித்துக் கையை நெஞ்சிலிருந்து எடுத்ததும் அவன் என் பக்கம் திரும்புவான். "மதுரைலருந்து கடுதாசி ஏதும் வந்துச்சாலே?"

"இல்லையேலே."

"சரி, வரும்."

மூன்றாவது வாரமே கடிதம் வந்தது. என் பெயருக்கு. மில்லுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா கல்யாணத்துக்கு மளிகை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். குளிர்ந்த அறையில் அதே அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் காவித் துண்டு.

"குடோன்ல யார்கிட்டப் பேசினீங்க? முதல்ல என்ன கேட்டீங்க? அவங்க என்ன சொன்னாங்க?"

மூன்று கேள்விதான். நான் மன்றத்தின் அமைப்பை விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சரி தம்பி, போயிட்டு வாங்க." பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, திரும்பி உள்ளே போய் அந்தப் பெயரைச் சொல்லிவிடலாமா என்று மில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். காவல்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவன் கேட்டான். இல்லையே என்றேன். அதற்கடுத்த திங்களும் கேட்டான். தை போனது, அக்கா புகுந்த வீடு போனாள், மாசி வந்தது. அவன் கேட்பதை நிறுத்தவில்லை. எனக்கோ அவன் மேலேயே ஆத்திரம் வந்தது. வராத கடிதத்தை எத்தனை வாரம்தான் ஒருத்தன் கேட்பான்? ஒரு முறை, "வந்தா நானே சொல்ல மாட்டேனா? சும்மா நச்சரிக்காதலே" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறு திங்கள் அதே மாதிரி, அதே குரலில் கேட்டான்.

பங்குனியில் ஒரு மத்தியானம். வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்காக அவன் நிழல் தேடி நின்றுகொண்டிருந்தான். பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவனைப் பார்ப்பேனோ மாட்டேனோ. பக்கத்தில் போய் நின்றேன்.

"முத்திருளா, மதுரைல நான் உன் பேரைச் சொல்லலலே."

"ம்."

"கடுதாசி வந்துச்சு. எனக்குத்தான் வந்துச்சு. நான் போனேன். எடுக்கல."

"தெரியும்லே."

அவன் பஸ் வரும் பக்கத்தையே பார்த்தபடி பேசினான்.

"மாசிக் களரி சாமி கும்பிட்டு முடிஞ்ச வாரம் அந்த ஆபீசரு நம்ம குடோனுக்கு வந்தாரு. துண்டு யாரு வேலைன்னு லோடு ஏத்துறவுகள்ட்ட கேட்டிருக்காரு. அவுக என்னையக் கைகாட்டி விட்டுட்டாக. அரை மணி நேரம் உக்காந்து பேசுனாரு. நல்ல மனுசன்."

"வேலை?"

"தையிலயே ஆள் எடுத்துட்டாகளாம். உங்க செயலாளரு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஆளு நீதான்யான்னு சொல்லிட்டுப் போனாரு."

திருச்சுழி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே வந்தது. கூட்டம் ஓடியது. அவன் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். நானும் கூடவே ஓடினேன்.

"மாசியிலயே தெரிஞ்சிருச்சுல்ல? அப்புறமும் ஏம்லே வாராவாரம் கடுதாசி வந்துச்சான்னு கேட்ட?"

அவன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. களைத்துப் போயிருந்தான்.

"நான் கேட்டது கடுதாசிய இல்லலே" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.